நாலு ஹார்ன்கள்

இசையமைப்பாளருக்குத் தன் தொழிலே குமட்டியது. அவர் எழுதுவது சினிமாவுக்கு அல்ல, மேடை நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு. புதிதாக எழுதிக் கொடுத்தால் ஒரு தடவை வாசிப்பார்கள், கை தட்டுவார்கள், பரணில் போடுவார்கள். இரண்டாம் தடவை வாசிப்பதில் எவருக்கும் பெருமை கிடையாதாம். தலை நரைக்கும் வரை இதே கூத்துதான்.

இந்தத் தடவை ஆர்கெஸ்ட்ரா சங்கத் தலைவர் ஆசை காட்டியிருந்தார்: "இது நல்லா போச்சுன்னா அடுத்த சிம்ஃபனி உங்களுக்குத்தான்." அதற்காக இசையமைப்பாளர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஒத்திகை முழுவதையும் செத்துப்போன மேதைகளுக்குக் கொடுத்துவிட்டு, இவருடையதைக் கடைசியில் நுனிப்புல் மேய்ந்தார் கோல் பிடித்து நடத்துகிறவர். ஹார்ன் என்கிற பித்தளை ஊதுகருவிகள் வரும் பக்கத்தை அவர் தொடவே இல்லை.

கச்சேரியில் அந்தப் பக்கம் வந்தது. ஹார்ன், எழுதியதைவிடக் கீழே ஒலிக்கிற கருவி. அதனால் அதற்கு மட்டும் ஸ்வரங்களை மேலே தள்ளி எழுத வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாளில் நகலெடுத்த புண்ணியவான் தள்ளாமலே எழுதித் தொலைத்திருக்கிறான். நாலு ஹார்ன்களும் வயலின்களோடு முட்டிக்கொண்டு, துளிச் சந்தேகமில்லாமல் தப்பை முழங்கின. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய மெட்டு நாறிப்போனது. கோல்காரரோ கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்ததும் கோல்காரர் மேடைக்குப் பின்னால் வந்து இசையமைப்பாளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அந்த ஹார்ன் இடம் இருக்கே சார், உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு!"

"சிம்ஃபனி உங்களுக்குத்தான். ஆனா ஹார்ன் இதே மாதிரி வேணும்" என்றார் தலைவர்.

த்தூ என்று துப்பியிருக்க வேண்டும். இசையமைப்பாளர் பல்லை இளித்தார்.

பக்கத்தில் அவர் மனைவி நின்றாள். வீட்டில் அவர் அந்த மெட்டைப் பியானோவில் தட்டித் தட்டித் திருத்திய நாளெல்லாம் அடுத்த அறையில் இருந்தவள்.

"ஏங்க, ஹார்ன் தப்பா வந்துச்சே? நீங்க வீட்ல வாசிச்சது இது இல்லையே?"

தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"இல்லம்மா. நான் இப்படித்தான் எழுதினேன்."

அந்த மண்டபத்தில் அவர் இசையைக் காது கொடுத்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவள் முகம் சுண்டிப்போனது.

"அப்ப என் காதுலதான் ஏதோ கோளாறு போல" என்றாள்.

தலைவர் சிரித்தார். கோல்காரரும் சிரித்தார். அவளுடைய புருஷனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.