அந்த ஒரு வரி மட்டும்

கண் இமைப்பதற்குள் இணையப் பக்கம் திறந்தது. என்னோடு வேலை செய்யும் உலான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். "அக்கா, இனிமே லாரிக்காரங்க நம்மளத் திட்ட மாட்டாங்க."

மலைச்சாலைகளின் நிலவரம் சொல்லும் தளம் எங்களுடையது. பனி விழுந்தால் மலைக்கு அப்பால் நாரின் நகருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அதைத் திறப்பார்கள், சர்வர் படுத்துவிடும். சில வழிகளைச் சோதித்து, இருப்பதிலேயே வேகமானதைக் காலையில்தான் ஓடவிட்டிருந்தோம். பக்கத்தை ஒருமுறை செய்து கேஷ் என்னும் தற்காலிகச் சேமிப்பில் நகலாக வைத்துக்கொண்டு, அரைமணி நேரத்துக்குக் கேட்பவர்களுக்கெல்லாம் அதையே நீட்டுவது. வரைபடம், படங்கள், நிலவரம் எல்லாமே நகல். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டாம் என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நெடுநாள் மணவாழ்வில் எனக்குப் பழகிய சுகம்தான்.

மதியம் என் கணவர் மிர்லான் அழைத்தார். தோலோன் கணவாய்க்குக் கீழே, லாரியை நிறுத்திவிட்டுத் தேநீர்க் கடையில் இருந்தார்.

"என்ன கம்ப்யூட்டர்க்காரி, உன் தளம் இன்னைக்கு இந்தப் பாய்ச்சல் பாயுது? கணவாய் தெறந்திருக்குன்னு போட்டிருக்கு. கிளம்புறேன்."

சரி என்று சொல்லவந்தவள் பக்கத்துத் திரையைப் பார்த்தேன். சாலைப் பணியாளர்கள் சற்றுமுன் அனுப்பிய வரி: பனிச்சரிவு, கணவாய் மூடப்பட்டது. தளமோ பழைய நகலையே நீட்டிக்கொண்டிருந்தது.

"கிளம்பாதீங்க. மூடிட்டாங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லுங்க."

"எல்லாரும் உன் பக்கத்தத்தான் பாத்துட்டு இருக்கானுங்க. நான் சொன்னா, பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். போனை வச்சிடாதீங்க."

நான் பேசும்போதே உலான் கேஷை அழிக்கத் தொடங்கியிருந்தான். நான் விதியை மாற்றினேன். படங்களும் வரைபடமும் நாள் முழுக்க நகலாகவே இருக்கட்டும். மலை எங்கும் போய்விடாது. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற அந்த ஒரு வரியை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கவேண்டும்.

"கொஞ்சம் நொண்டுதே அக்கா."

"நொண்டட்டும்."

காத்திருந்த நேரத்தில், ஏனென்று தெரியாமல், "கட்டிக்குடுத்த குதிரைக்கறி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பக்கத்து லாரிக்காரனுக்குக் குடுத்துட்டேன். அது எனக்குப் புடிக்காமப் போய் ரெண்டு வருஷமாச்சு. நீ கேக்கவே இல்லையே." குரலில் குறை எதுவும் இல்லை, சிரிப்புத்தான் இருந்தது.

"அப்ப என்னதான் புடிக்கும்?"

அவர் யோசித்தார். அதற்குள் கடையில் யாரோ, மூடிவிட்டார்கள் என்று திரையைப் பார்த்து உரக்கப் படித்தார்கள். காலடிகள் வெளியே போயின. உறுமிக்கொண்டிருந்த என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைவது எனக்குக் கேட்டது. கடைசி லாரி சற்று இருமி ஓய்ந்தது. பிறகு காற்று மட்டும். அருகே, கோப்பையில் தேநீர் நிறையும் ஒலி.