நாலில் ஒன்று

ஸ்கேன் அறைக் கட்டில் உயரமானது. ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் போட்டிருப்போம். கணக்கு டீச்சர் அதில் ஏறிப் படுத்ததும், அவர் கணவர் அதே ஸ்டூலை என் பக்கம் இழுத்துப்போட்டு ஏறி நின்றார். அப்போதுதான் திரை அவர் கண்ணுக்கு எட்டியது.

இருவரும் என் தோளுக்குக்கூட வரமாட்டார்கள். பிறவியிலேயே கைகால் எலும்பு குட்டை. கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர்.

"கணக்கு சொல்லவாம்மா?" என்றார் டீச்சர். "பிறக்கப்போற பிள்ளை, நாலுல ரெண்டு பங்கு எங்களை மாதிரி. ஒரு பங்கு உன்னை மாதிரி நெட்டைக்கொக்கு. மிச்சம் ஒரு பங்கு..."

அதை அவர் முடிக்கவில்லை. எனக்குத் தெரியும். குட்டை எலும்புக்கான மரபணு அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், பிள்ளையின் மார்புக்கூடு சுருங்கிப்போகும். பிறந்தாலும் மூச்சுவிட உள்ளே இடமிருக்காது. அப்படியானால் இருபதாவது வாரத்திலேயே தொடை எலும்பு குட்டையாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும். போன மாதம் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு பிடிகொடுக்கவில்லை. இன்று இருபதாவது வாரம்.

எங்கள் இடத்தில் ஒரு விதி. டாக்டர் வந்து பார்க்கும்வரை நான் எதுவும் சொல்லக் கூடாது. என் முகமும் சொல்லக் கூடாது. எனக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு. அதனால் சிரமமில்லை.

"ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறந்துட்டேன். இந்தப் பொண்ணு வாயை மட்டும் திறக்க முடியல. சரியான கல்லுளிமங்கி," என்றார் கணவர். "பரவால்ல, சிரிக்க வச்சாப் போதும். கெட்டதைப் பார்த்தவங்களுக்குச் சிரிப்பு வராது. சிரிச்சா நல்ல சேதி."

"இவர் அளக்கிறதை விடு," என்றார் டீச்சர். "நீ அளக்கிறதுதான் எனக்கு வேணும்."

தலையை அளந்தேன். திரையின் ஓரத்தில் எண் விழுந்தது. வயிற்றை அளந்தேன்.

"ஏன் டீச்சரம்மா, பிள்ளை நெட்டையா வளந்துட்டா எப்படித் திட்டுறது?"

"நாற்காலி போட்டு ஏறித் திட்ட வேண்டியதுதான்."

"நாற்காலியை யார் தூக்குறது?"

"அதையும் பிள்ளைகிட்டயே சொல்லணும். 'கண்ணு, உன்னைத் திட்டணும், அந்த நாற்காலியைக் கொஞ்சம் கொண்டா.'"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் மூக்கு வழியாக. கையிலிருந்த கருவி ஆட, திரையில் பிள்ளையும் சேர்ந்து ஆடியது.

"சிரிச்சுட்டா!" அவர் ஸ்டூலிலிருந்து குதித்தார். "அக்காவுக்குச் சொல்லிட்டு வரேன்." கதவு மூடுவதற்குள் போனில் கத்தினார்: "அக்கா, தப்பிச்சோம்!"

தொடை எலும்பை நான் இன்னும் அளக்கவே இல்லை. அவரைக் கூப்பிடக் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"விடும்மா," என்றார் டீச்சர். முகத்தில் விளையாட்டு இல்லை. "தலைக்கு ஒரு எண் வந்துச்சு. வயித்துக்கு ஒண்ணு. காலுக்கு இன்னும் வரல. எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்ப சார்கிட்ட நீங்க..."

"போன ஸ்கேன்லேருந்து மனுஷன் சரியாத் தூங்கல. அஞ்சு நிமிஷம் சந்தோஷமா இருக்கட்டும். நீ இப்ப அள."

கருவி சாய்வாகப் பட்டால் நல்ல எலும்பும் குட்டையாகத் தெரியும். நேராகப் பிடிக்க வேண்டும். பிள்ளை மறுபடி காலை மடக்கியது. டீச்சரை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன்.

"அப்பன் புத்தி," என்று முனகிக்கொண்டே திரும்பினார். "சொன்ன பேச்சு கேக்குதா பாரு."

கால் நீண்டது. எலும்பின் இரு முனையிலும் புள்ளி வைத்தேன். முப்பத்திரண்டு மில்லிமீட்டர், இருபதாவது வாரத்தில் இருக்க வேண்டிய நீளம். மார்பைப் பார்த்தேன். அகலமாக இருந்தது. இரண்டாம் முறை அளந்தேன். அதே முப்பத்திரண்டு.

எதுவும் சொல்லக் கூடாது என்பதுதான் விதி. திரையைத் திருப்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. திருப்பினேன்.

டீச்சர் எண்ணைப் படித்தார். எந்த வாரத்துக்கு எவ்வளவு என்று அவருக்கு மனப்பாடம். உதடு மட்டும் அசைந்தது. கண்ணீர் தலையணையில் வழிந்தது.

கதவு திறந்தது. "அக்கா கேக்குது, நெட்டையா குட்டையான்னு."

"அது தெரிய இன்னும் ரெண்டு மாசம் ஆகும். நம்மளை மாதிரின்னா எலும்பு அப்பத்தான் பின்தங்கும்," என்றார் டீச்சர்.

"அப்ப ஏன் அழறே? அதான் சிரிச்சுட்டாளே!"

"நீங்க முந்திட்டீங்க," என்று மூக்கை உறிஞ்சினார் டீச்சர். "நான் இப்பத்தான் வந்து சேர்றேன்."