பலகை உண்டு

“றெமிஜியஸ் அண்ணை தண்ணிக்குள்ள விழுந்ததையும் இந்தக் கடிதத்தில எழுதவேணும் அங்கிள்,” கேட்டே விட்டாள் நிலக்சி, காலையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் தரும்போதுகூட அம்மா சொன்னா, எதை வேணுமெண்டாலும் கேள், அதை மட்டும் கேட்டிடாத, கொப்பருக்கு வேலை குடுத்த மனுசன்... சரி, அப்பாவுக்குக் குடுத்தார், அதுக்கு இன்னும் எத்தனை வருசம் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது? மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி அருள்நாயகம் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். ஜன்னலுக்கு வெளியே ஸ்காபரோ பிளாசாவில் பனி வழிக்கிற வாகனம் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது, அதன் பீப் பீப் அவளுடைய பல்லுக்குள் கேட்டது. ஐந்து மணிக்குள் கடிதம் போகவேண்டும். வடக்கே ஏரிக்கரை நகரசபை டீ-ஐசருக்குச் சட்டம் கொண்டுவரப் போகிறது, இவருடைய கொம்பனி அங்கே முப்பத்தொரு விடுமுறைக் கொட்டேஜைப் பராமரிக்கிறது, அதனால் இவருக்கும் ஒரு கருத்து: சட்டம் தேவையில்லை, நாங்களே பொறுப்பாக நடக்கிறோம், ஐந்து வின்ரராக ஒரு அசம்பாவிதமும் இல்லை. நல்ல ஆங்கிலம், அவள் எழுதிய ஆங்கிலம், குடும்பத்தில் முதல் பட்டம் எடுத்தவளின் ஆங்கிலம்... இதுக்குத்தானா படித்தது?

டீ-ஐசர் என்றால் தண்ணீருக்கு அடியில் தொங்குகிற ஒரு சின்ன மோட்டர், அவ்வளவுதான், இரவு பகலாகச் சுழன்று அடித்தண்ணீரை மேலே தள்ளும், படகு கட்டுகிற டொக்கைச் சுற்றி ஐஸ் பிடிக்காது, மரத்தூண் முறியாது. மரம் தப்பிவிடும், மனுசன்? புதுப் பனி விழுந்தால் மெல்லிய ஐஸும் தடித்த ஐஸும் ஒரே வெள்ளை, எச்சரிக்கைப் பலகை நின்றால்தான் தெரியும். புதுசாகக் கொட்டேஜ் வாங்கின ஏகாம்பரம் அங்கிளின் டொக்கில் பலகை நிற்கவில்லை. ஒக்ரோபரில் குடிபூரலுக்குக் கழற்றினவை, ஐயர் வந்து பால் காய்ச்சுகிற நாளில், ஏரியைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிற இடத்தில், சிவப்பு எழுத்தில் ‘அபாயம்’ என்று நின்றால் சகுனம் என்னாவது... கழற்றிக் கராஜுக்குள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தவை, பிறகு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. கொம்பனி வேலையாள் றெமிஜியஸ் அண்ணை பக்கத்து வளவில் கூரைப் பனி தள்ளிவிட்டு ஏரி ஓரத்தால் குறுக்கே நடந்தார், பலகையைத் தேடினார், காணவில்லை, காலை வைத்தார். நெஞ்சுமட்டத் தண்ணீர். டொக் ஏணியில் எவ்வளவு நேரம் தொங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் வாசற்படியில் வழுக்கினதெண்டு சொல்லச் சொன்னது ஆர்? குளிரில் விரல்கள் மரத்துப்போய், இப்போது சட்டைப் பொத்தான் பூட்ட மனுசியைக் கூப்பிடுகிறார். “நானா வாய் திறக்கமாட்டன் பிள்ளை, நீ எழுதினா ஓம் எண்டு சொல்லுவன்,” என்றார், அந்தச் சிரிப்பு வேற... ஏன் சிரித்தார், அவளால் முடியாது என்றா?

“யூனிவர்சிற்றிக்குப் போனா எல்லாருக்கும் நீதவான் வேலை குடுக்கினமோ?” அருள்நாயகம் கோப்பையை வைத்தார், கோபமே இல்லாத குரல், அதுதான் எரிச்சல். மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். நவம்பர் மாதப் பரிசோதனைப் பட்டியல், முப்பத்தொரு வரிசை. “பலகை உண்டோ எண்ட கட்டத்தில ஆர் பிள்ளை ஓம் போட்டது? உம்மட எழுத்துத்தானே. எழுதுறதெண்டா உதையும் சேர்த்து எழுதும்.” நீல மை, அவளுக்குப் பிடித்த பேனை. ஹீற்றர் பக்கத்தில் இருந்து, பகல் சாப்பாட்டுக்கு முன், போன வருசத்துத் தாளைப் பார்த்து மேலிருந்து கீழே ஒரே மூச்சில்... அவரா போடச் சொன்னார்? இல்லை, ‘முடிச்சிட்டீரோ’ என்று மட்டும்தான் கேட்டார். உறைந்த ஏரி ஒன்றை அவள் இதுவரைக்கும் கண்ணால் கண்டதில்லை. மூன்று கிழமையாக அம்மாவிடம் கத்தினாள், பஸ்ஸில் தனக்குள் கத்தினாள், அவர் செய்தது, ஏகாம்பரம் செய்தது, எத்தனை தரம்... நான் செய்தது என்று ஒருதரம்? பயப்படுவாள் என்று பார்க்கிறார், பார்க்கட்டும், கன்னம் சுடுகிறது, அது பயம் இல்லை.

“எழுதுறன். என்ர பேரில,” என்றாள், கடிதத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டு, பட்டியலை எடுத்து மடித்து. “அதை வச்சிட்டுப் போம்,” என்றார், முதல் தடவையாகக் குரல் ஏறியது, “கொப்பரை நினைச்சுப் பாரும்.” நினைத்தாள்தான், சப்பாத்து நாடா கட்டும் நேரம் முழுக்க, ஆனால் கை நாடாவை விடவில்லை, எப்போது முடிவெடுத்தாள் என்று தேடினால்கூட அகப்படாது போல, கதவைத் தள்ளினாள், குளிர் முகத்தில் அறைந்தது. ஐந்து மணிக்கு இன்னும் நாற்பது நிமிசம், பஸ் தரிப்பில் நின்றே ஃபோனில் நகரசபைக்கு எழுதலாம், ஒரு டொக், ஒரு பலகை, ஒரு மனுசன், பத்து வரி போதும்... தாளை விரித்தாள். ஏகாம்பரத்தின் வரிசை பதினேழாவது. அதற்கு மேலே பதினாறு ஓம், கீழே பதினாலு ஓம், ஒரே சாய்வு, ஒரே மை, ஒன்றையும் பார்க்காமல் போட்டவை, அங்கெல்லாம் இண்டைக்கு ஆர் நடக்கினம்?