கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிடம்

சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தால், அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர் என்று யாரும் நம்பமாட்டார்கள். முப்பது பேர் ஏறி இறங்கும் வீடு என்றுதான் தோன்றும். 4.05 எழுவது. 4.08 பல். 4.15 அடுப்பு. 4.32 முதல் 4.52 வரை கை. 4.53 மாத்திரை. 4.54 வாலுவுக்குத் தூக்கத்திலேயே பின்னல். 5.10 கதவு.

எழுதியவள் பதினோரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். எழுத்து குண்டு குண்டாக, தூரத்திலிருந்தே படிக்கும்படி இருக்கும்.

தாளில் இருந்த 'கை' அவள் கணவருடையது. அவர் ஒரு பேக்கரியில் கேக்குக்கு மேல் பூவும் எழுத்தும் வரைகிறவர். க்ரீம்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மதியம், யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் 'வாழ்த்துகள்' என்று எழுதிக்கொண்டிருந்தவர், நான்காவது எழுத்தில் கோட்டை இழுத்தபடியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்த அடைப்பு. நல்லவேளை, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். பேச்சு திரும்பிவிட்டது. காலும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலது கைக்கு மட்டும் ஒரு விசித்திரமான பிடிவாதம். மூடும், திறக்காது.

க்ரீம்காரருக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. க்ரீம் நிரப்பிய கோனைப் பிழிய யாராலும் முடியும். சரியான இடத்தில் பிடியை விடுவதில்தான் அந்த வேலையே இருக்கிறது. விடத் தெரியாத கையில் ஒரு ரோஜா இதழ்கூட முடியாது, வழிந்துகொண்டே போகும். பேக்கரி முதலாளி, "நாலு மாசம் உன் இடத்தைக் காலியா வச்சிருக்கேன்யா. அதுக்கு மேல என்னால முடியாது" என்று மருத்துவமனைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதில் இரண்டு மாதம் இப்போது போய்விட்டது.

காலையில்தான் விரல்கள் அதிகமாக இறுகிக் கிடக்கும், அப்போது தினமும் இருபது நிமிடம் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும் என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருந்தாள். அவள் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தத் தாள் பிறந்தது. மதிய டூட்டி வாரத்திலும் 4.32 மாறவில்லை. பத்து மணி வரை வீட்டில் சும்மா இருக்கப்போகிற நாளில்கூட, கும்மிருட்டில் விளக்கைப் போட்டு, "கையைக் குடுங்க" என்பாள். பழக்கம் விட்டுப்போகக் கூடாதே!

தாள் ஒட்டிய நான்காவது வாரத்தில் நடந்த பரிசோதனையில் பிசியோதெரபி பெண் விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"போன தடவையைவிட இறுகிருக்கே. வீட்ல தினமும் செய்றீங்களாக்கா?"

"ஒரு நாள் விடல. நாலு முப்பத்திரண்டுக்கு டாண்ணு ஆரம்பிச்சிருவோம்."

"விடியற்காலையிலயா?"

"டைம் டேபிள் இருக்கு."

பெண் க்ரீம்காரரைப் பார்த்தாள். அவர் கூரையில் ஏதோ முக்கியமான பல்லியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அவசரப்படுத்தினா நரம்பு பயந்துக்கும்க்கா. பயந்தா கை மூடிக்கும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்து முடிப்பதற்குள் ஆறு நிமிடம் போய்விட்டது. மீதி பதினாலு நிமிடத்தில் ஐந்து விரலையும் முடித்தாக வேண்டும். அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்தாள்.

"இது கியர் இல்ல, விரல்."

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது."

"அதுக்கு நீ டைம் டேபிள் போடல. அதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கடிகாரத்தில் இருந்தது. கட்டை விரலைக் கொஞ்சம் பலமாகவே பிரித்தாள். அவர் அலறிக் கையை உதற, மேசை மேலிருந்த டீ கிளாஸ் தரையில் விழுந்து சிதறியது. உள்ளறையில் மகள் வாலு எழுந்து உட்கார்ந்துகொண்டாள். எட்டு வயது.

அவர் கையை மார்போடு வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "உன் பஸ்ஸையே கடைசி ஸ்டாப்புல எட்டு நிமிஷம் நிக்க விடுறாங்கல்ல? இந்த வீட்டு வண்டி ஒரு இடத்துலயும் நிக்கலயே, டிரைவரம்மா."

"இப்ப பேச நேரமில்லங்க" என்றாள். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினாள். தாளில் பெருக்குவதற்கு இடமில்லாததால் நாலு நிமிடம் தாமதமாகத்தான் வாசலைத் தாண்டினாள்.

கோபம் அவளோடு பேருந்தில் ஏறி, டிரைவர் இருக்கைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு வந்தது. போதாக்குறைக்கு அன்று முதல் நடையே சொதப்பல். சக்கர நாற்காலியில் வந்தவரை ஏற்ற இரண்டு நிமிடம். இரட்டைக் குழந்தைகளோடு ஏறிய ஒருத்தியின் பை கிழிந்து உருளைக்கிழங்கு உருண்டோட, பயணிகள் எல்லாரும் குனிந்து பொறுக்கியதில் இன்னும் மூன்று நிமிடம். கடைசி நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தாள்.

ஆனால் அடுத்த நடை சரியான நேரத்துக்குக் கிளம்பியது. கிளம்பும் முன் தண்ணீர் குடிக்கவும் நேரம் இருந்தது. எட்டு நிமிடம் அந்த ஐந்தை விழுங்கி, மூன்றை மிச்சம் வைத்திருந்தது.

அவள் பாட்டிலை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாத யாரோ ஒருவர், எங்கோ ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்து, இந்த எட்டு நிமிடத்தை எழுதியிருக்கிறார். மனிதர்கள் மெதுவாகத்தான் ஏறுவார்கள், பைகள் கிழியும், அதற்காக யாரையும் திட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே மன்னித்து எழுதியிருக்கிறார். பதினோரு வருடமாக அந்த மன்னிப்பில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு, சொந்தப் புருஷனுக்கு எழுதிய தாளில் ஒரு நிமிடம்கூட விடவில்லையே! டிரைவர்கள் யாரும் இப்படியொரு தாளை டிப்போவில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். சங்கத்தைக் கூட்டியிருப்பார்கள். அவளே முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பாள்.

சிரிப்பு வந்துவிட்டது. வண்டி துடைக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, தனியா சிரிக்கிற?"

"ஒரு டைம் டேபிளைத் தப்பா எழுதிட்டேன்."

"ஐயோ, ஆபீஸ்ல திட்டுவாங்களா?"

"வீட்டுல ஒருத்தர் ஏற்கெனவே திட்டிட்டாரு. ரொம்ப மெதுவா."

அன்று வீட்டுக்கு வந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, கணவர் எதிரே உட்கார்ந்து, இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"காலையில எப்ப கை கொஞ்சம் இளகும்? உங்களுக்கு எப்படி இருந்தா நல்லாருக்கும்?"

அவர் யோசித்தார். அவரை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"முதல்ல ஒரு டீ. உன்கூட உக்காந்து. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா ஜன்னல் பக்கம். வெயில் உள்ள வந்தப்புறம் வெந்நீர்ல கையை வச்சா, சுண்டு விரல் தானா அசையுது. நானே பாத்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எத்தனை மணிக்குச் சொல்றது? தாள்ல இடமில்லையே."

புதுத் தாளை வாலு எழுதினாள். மணியே கிடையாது, வரிசை மட்டும். பேருந்தில் இருப்பதுபோல இரண்டு வகை நிறுத்தங்கள். கட்டாயம் நிற்க வேண்டியவை மூன்று: டீ, மாத்திரை, கை. மற்றதெல்லாம் யாராவது கை காட்டினால் நிற்கும், இல்லையென்றால் போய்க்கொண்டே இருக்கும்.

"பல் தேய்க்கிறது?" என்றாள் வாலு, பேனாவை உயர்த்திப் பிடித்தபடி.

"கட்டாயம்."

"மூணுதான்னு சொன்னீங்க! நான் கை காட்டலைன்னா?"

"பல்லுக்கு வாய் இருக்கு, அது கேட்கும்" என்றார் அப்பா. கட்டாயம் நான்காயிற்று.

மதிய டூட்டி வாரங்களில் வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். காலை டூட்டி வாரங்களில் அவள் ஓசையில்லாமல் கிளம்பிப் போவாள். ஏழு மணிக்கு வாலு அப்பாவுக்கு வெந்நீர் எடுத்து வைப்பாள். கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் போன் செய்வாள். அந்த எட்டு நிமிடத்தில் அவளும் டீ குடிப்பாள், அங்கே அவரும் குடிப்பார். அப்புறம் வாலு ஒவ்வொரு விரலாகப் பிரித்து எண்ணுவதை ஸ்பீக்கரில் கேட்கலாம். சில நாள் ஒன்பதுக்குப் பிறகு எட்டு வரும். யாரும் திருத்தவில்லை.

எல்லா நாளும் அப்படி அமைந்ததா என்றால் இல்லை. வாலுவுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் தாளை யாரும் திரும்பியே பார்க்கவில்லை. "போச்சு, செஞ்சதெல்லாம் போச்சு" என்று அம்மா தன் தலையில் கை வைத்துக்கொண்டபோது அவர் சொன்னார்: "ஒரு நாள் வண்டி பஞ்சர் ஆனா ரூட்டையே மூடிடுவாங்களா? நாளைக்கு ஓட்டு."

மறுநாள் ஓட்டினார்கள்.

முதலாளி சொன்ன கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. மதிய டூட்டி நாள். வெயில் மேசையின் பாதி வரை வந்திருந்தது. விரல் பயிற்சி முடிந்ததும் அவர், "அலமாரில என் பழைய கோன் இருக்கும், கொஞ்சம் நிரப்பிக் குடேன்" என்றார். அவள் எதுவும் கேட்காமல் வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து, நிரப்பி, ஒரு பீங்கான் தட்டை முன்னால் வைத்தாள்.

பிழிந்தார். க்ரீம் வந்தது. தட்டின் ஓரத்தைத் தாண்டி மேசை மேலும் வந்தது. நிற்கவில்லை. துடைத்தார்கள். மறுபடியும் அதேதான். வாலு வாயைத் திறக்கப் போனாள். அம்மா அவள் தோளில் கை வைத்தாள். டூட்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. அவர் கோனைக் கீழே வைத்து, மூச்சு விட்டு, ஜன்னலைப் பார்த்து, மறுபடி எடுத்தார்.

இந்த முறை ஒரு விரல் நீளத்துக்குக் கோடு வந்தது. பிறகு விரல்கள் மெல்ல, ஒவ்வொன்றாக, இளகின. கோடு நின்றது.

"அப்பா, இது என்ன எழுத்து?"

"எழுத்து இல்லடா. கோடு."

"வெறும் கோடா?"

"நின்ன கோடு" என்றார்.

அம்மாவே போனை எடுத்து முதலாளியை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள், ஒரு கோடுதான், எழுத்து இன்னும் வராது என்பதையும் மறைக்கவில்லை. எதிர்முனையில் அடுப்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எழுத்தை விடும்மா, அதுக்கு ஒரு பையன் கிடைச்சிருக்கான். அவனுக்கு ஓரம் நேரா வரமாட்டேங்குது. கேக்கைச் சுத்திக் கோடு போட எனக்கு ஆள் வேணும். காலையில கொஞ்ச நேரம் வந்தாப் போதும். எத்தனை மணிக்கு வர முடியும்னு கேளு."

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தபடியே, "டீ, வெயில்" என்றார்.

"டீ குடிச்சிட்டு, வெயில் வந்தப்புறம் வருவாராம்" என்றாள் போனில். "ரொம்ப நன்றிங்க. ரொம்ப ரொம்ப நன்றி."