முன்சீட்டுக்காரி

கண்ணுகளா, மோட்டார்சைக்கிளுக்குச் சீட் தைக்கிறவன் ஒருவன் இருந்தான். ஊரில் பாதிப்பேர் அவன் தையல்மேல்தான் உட்கார்ந்து போனார்கள். அவனுடைய வண்டியின் பின்சீட்டோ கிழிந்து பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சை மாற்றவே மாட்டான். அவன் மனைவி உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அதில் இருந்தது.

அவள் சரக்குக் கப்பலில் சமையல்காரி. கப்பல் துறைமுகத்தைத் தொட்டால்தான் அவள் குரல் கிடைக்கும். போன விடுமுறையில் இருவருமாகச் சேர்ந்து ஒரு கயாக் செய்தார்கள். முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் பசை பூசினார்கள். முன்சீட்டு ஓட்டையை அவள் இடுப்பளவுக்கே வெட்டினான். பசை காய்வதற்குள் கப்பல் கூப்பிட்டுவிட்டது.

"நான் வந்துதான் இது நனையணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வரவேண்டிய நேரத்தில் அவள் வரவில்லை, சேதிதான் வந்தது. ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்களாம். 'நீங்களே இறக்கிடுங்க, பலகை வீணாகப்போகுது' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து அவனுக்குக் கடையில் ஊசி ஓடவில்லை. இறக்கினால் அவளில்லாமல் நனையும்; இறக்காவிட்டால் வெடித்துப்போகும்.

கடைசியில், கப்பல் கரை தொடுகிற நாளாகப் பார்த்து, வண்டிக்குப் பின்னால் சக்கரப் பலகை கட்டி, அதில் படகை ஏற்றி மலைமேல் இருக்கும் ஏரிக்குக் கிளம்பினான். துணைக்கு அவள் தம்பி. ரொட்டிக்கடைக்காரன், அவனும் ரொட்டி மாதிரியே உப்பியிருந்ததால் பன்னு என்று பெயர்.

"மாப்ள, பள்ளத்துல பாத்து உக்காரு."

"இது பள்ளமா மாமா? எனக்குப் பாதிகூட பத்தல!"

மலை வளைவுகளில் காற்று படகைப் பிடித்து இழுத்தது. வண்டி ஒரு பக்கம், படகு ஒரு பக்கம். பன்னு கண்ணை மூடிக்கொண்டு, "நான் இன்னும் கல்யாணம்கூட பண்ணல மாமா" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

ஏரிக்கரையில் பன்னு முன்சீட்டில் இறங்கப் பார்த்தான். முழங்காலோடு சரி. அதனால் சீட்காரன் கேன்களில் தண்ணீர் பிடித்து, அவள் எடைக்குச் சரியாக அங்கே அடுக்கினான். கடைசிக் கேன் பாதிதான். அப்போது போன் அடித்தது.

"இறக்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. உன் எடைக்குத் தண்ணி வச்சிருக்கேன்."

"எந்த எடை?"

"நீ போறப்ப இருந்தது."

கப்பல் இரைச்சலுக்கு நடுவே, "அப்ப அந்த அரைக் கேனை எடுத்துடுங்க" என்றாள்.

"கப்பலுக்கே சமைச்சுப் போடுற. உனக்கு என்ன கேடு?"

"எதிர்ல உக்காந்து வம்பு பேச ஆளில்லீங்க. சோறு எறங்க மாட்டேங்குது."

அவன் அரைக் கேனை எடுத்துக் கரையில் வைத்தான். படகைத் தண்ணீருக்குள் தள்ளி, ஏறி உட்கார்ந்தான். முன்பக்கம் மேலே எழும்பி, காற்றில் கிறுக்குப் பிடித்தாற்போல் சுற்றியது.

"மூக்கைத் தூக்கிக்கிச்சு மாமா!" பன்னு கத்தினான். "அச்சு அசலா அக்காவேதான்!"

போனில் அவள் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் உடைந்தது. "அதைத் திரும்ப வைங்க. நான் வர்றதுக்குள்ள அந்த எடைக்கு வந்துடறேன். சுத்திட்டு வாங்க. ஆனா நடுவுல இருக்கிற தீவுல மட்டும் இறங்கிடாதீங்க. அங்க நாம சேர்ந்துதான் கால் வைக்கணும்."

அரைக் கேன் ஏறியதும் படகு அடங்கி நேராக நின்றது. அவன் துடுப்பை வீசினான். வண்டியில் அவள் எப்போதும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தவள். படகில் அவள் முதுகை இவன் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தானே முன்சீட்டை அவளுக்கு வைத்தான்? இப்போது அங்கே கேன் மூடிகள்தான் தெரிந்தன.

தீவுக்கு வெகு அருகில் போனான். தட்டைப் பாறை, அதன்மேல் நிழல், இரண்டு பேர் உட்காரும் அகலம். துடுப்பை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்டவில்லை. பார்த்துக்கொண்டே மிதந்துவிட்டு, படகைத் திருப்பினான்.

கரையில் பன்னு இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தான். "அவ்வளவு தூரம் போயிட்டு இறங்காம வந்துட்டீங்களே மாமா?"

"முன்சீட்டுக்காரி இறங்கலையே மாப்ள" என்றான் அவன்.