டாக்டரம்மாவின் கையெழுத்து

தலைநகரின் மயூர் விஹாரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அறக்கட்டளை நடத்திவந்த சின்ன மருத்துவமனை இருந்தது. 2003 ஜூன் மாதத்தில் அதன் நோட்டீஸ் பலகையில் ஒரு உத்தரவை ஒட்டினார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து டாக்டர்கள் மருந்துச் சீட்டைக் கையால் எழுதக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் பதிய வேண்டும். மாடியில் டாக்டர் பதிந்ததும் கீழே மருந்து கவுண்டரில் அது தெரியும். வெளிக்கடையில் வாங்க வேண்டிய மருந்துக்கு அச்சடித்த சீட்டு கிடைக்கும். உத்தரவின் அடியில் செயலாளர் வேதாந்தத்தின் பெயர். மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

அங்கிருந்த ஐந்து டாக்டர்களில் ஒருவருக்கும் இது பிடிக்கவில்லை. எதிர்ப்புக் கடிதத்தை எழுதியவர் டாக்டர் ஜ்யோத்ஸ்னா. முப்பத்தெட்டு வயது. கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ்தான் என்றாலும் தமிழ் எழுத்து படிக்க வராது. 'பெட்டியைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தால் நோயாளியின் முகத்தை எப்போது பார்ப்பது?' என்று ஆங்கிலத்தில் எழுதி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். சும்மா வாதத்துக்காக எழுதவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

கடிதம் கொடுத்த நான்காம் நாள் மத்தியானம், ஏகாம்பரத்தை ஒரு டெம்போவில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.

ஏகாம்பரம் நொய்டாவில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளில் தரைக்குக் கல் பதிக்கிறவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், திரிலோக்புரியில் குடியிருந்தார். அவர் மனைவி சந்திரம்மாள் மயூர் விஹார் ஃப்ளாட்டுகளில் ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். இரண்டு நாள் முன்புதான் இருவரும் ஏகாம்பரத்துக்கு நெஞ்செரிச்சல் என்று ஜ்யோத்ஸ்னாவிடம் வந்து போயிருந்தார்கள்.

"லூ அடிச்சிருச்சு மேடம்" என்றான் கூட வந்த மேஸ்திரி. வெளியே லூ என்கிற அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் ஏகாம்பரத்தின் உடம்பு கொதிக்கவில்லை. சில்லென்று வேர்த்து, சட்டை பிழியலாம் போல் நனைந்திருந்தது. ஜ்யோத்ஸ்னா விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தார். முப்பத்தாறு. எழுபதாவது இருந்திருக்க வேண்டும்.

"பொன்னி, குளுக்கோஸ். ஜல்தி."

நர்ஸ் பொன்னி ஊசியை எடுத்துவந்தாள். நரம்பில் மருந்து ஏறிச் சில நிமிஷங்களில் ஏகாம்பரம் கண்ணைத் திறந்து, "சரக்கு எறக்கியாச்சா?" என்று கேட்டார். சந்திரம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடவே இல்லை.

"இவருக்கு சுகர் இருக்கா? மாத்திரை சாப்பிடறாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா. நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அது மட்டுந்தான்."

அவள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். ஜ்யோத்ஸ்னா வாங்கிப் பார்த்தார். நெஞ்செரிச்சலுக்கான மாத்திரை இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் சாப்பிடுவது. ஏழு குழிகள் காலியாக இருந்தன.

"இதை எப்படிக் குடுத்தீங்க?"

"சோத்துக்கு முந்தி மூணு வேளைன்னு சொன்னீங்க. ஒரு வேளை உடலீங்க. தலை சுத்துது, வேணாம்னாரு. நாந்தான் திட்டித் திட்டிக் குடுத்தேன். டாக்டரம்மா சொன்னா கேக்கணும்னு..." ஜ்யோத்ஸ்னாவின் முகத்தைப் பார்த்தே ஏதோ தப்பு என்று புரிந்துகொண்டிருந்தாள். "நான் மாத்திக் குடுத்துட்டனா? எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

ஜ்யோத்ஸ்னா சீட்டைக் கேட்டார். பையின் அடியில் நாலாக மடித்து வைத்திருந்தாள். அதில் முதல் எழுத்து தெரிந்தது. பிறகு ஒரு நெளிகோடு. கடைசியில் ஒரு வளைவு. எழுதியவர் அவர்தான். என்ன மருந்து என்று தெரிந்திருந்ததால்தான் அவராலேயே அதைப் படிக்க முடிந்தது.

"கடைக்காரன் கேட்டிருக்கணும் மேடம்" என்றாள் பொன்னி மெதுவாக. "அவன் தப்பு."

அந்த மாத்திரையின் வேகம் ஒருநாளில் அடங்காது என்பதால் ஏகாம்பரத்தைப் பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. ஜ்யோத்ஸ்னா ஆம்புலன்ஸில் கூடவே போய் வார்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். திரும்பும் வழியில் அந்த மாத்திரையைக் கொடுத்த மருந்துக் கடையில் இறங்கினார். சண்டை போடத்தான் போனார். சீட்டைக் காட்டியதும் கடைக்காரர் வெலவெலத்துப் போனார். பிறகு, ஒளிக்காமல் ஹிந்தியில் சொன்னார்: "மேடம், உங்க சீட்டை நாங்க அந்தாஜா, குத்துமதிப்பாத்தான் படிப்போம். உங்களைக் கேட்டு ஆள் அனுப்பினா நீங்க கோச்சுக்கறீங்க. நாலு வருஷமா இப்படித்தான் ஓடிட்டிருக்கு."

கடைக்காரர் ஆள் அனுப்பியதும், வாசலில் நின்ற கும்பலைக் காட்டித் தான் எரிந்து விழுந்ததும் ஜ்யோத்ஸ்னாவுக்கு ஞாபகம் வந்தது. சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் வார்டுக்குப் போனார். ஏகாம்பரம் ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஆபத்து நீங்கிவிட்டது என்று வார்டில் சொன்னார்கள். சந்திரம்மாள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கிப் போயிருந்தது. ஜ்யோத்ஸ்னாவும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சந்திரம்மா, நீங்க மாத்திக் குடுக்கலே. கடையிலே குடுத்ததைத்தான் குடுத்தீங்க. நான் எழுதினது கடைக்காரருக்குப் புரியலே. வேற மருந்தை எடுத்துட்டார். என் கையெழுத்தாலே வந்தது இது."

சந்திரம்மாள் அவரையே பார்த்தாள்.

"அப்ப நான் குடுத்தது தப்பில்லீங்களா?"

"இல்லவே இல்லே."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா அப்படி எழுதினீங்க?"

ஜ்யோத்ஸ்னா இந்தக் கேள்வியை எதிர்பார்த்து வரவில்லை. "ஒரு நாளைக்கு எண்பது பேர் வராங்க. அவசரத்துலே..."

"அன்னிக்கி இவரு எத்தனாவது ஆளு?"

"எழுபதுக்கு மேலே இருக்கும். கடைசியிலே வந்தீங்க."

"அஞ்சு வூட்டு வேலைய முடிச்சுட்டுத்தான் என்னால வர முடியும்" என்றாள் சந்திரம்மாள். குரலில் கோபமில்லை. இருப்பதைச் சொன்னாள். கட்டிலிலிருந்து ஏகாம்பரம், "உடு புள்ள. அவங்களே வந்து ஒக்காந்திருக்காங்க" என்றார்.

"நீ சும்மா இரு" என்றாள் அவள். ஆனால் எழுந்துபோய், ஃப்ளாஸ்கிலிருந்து ஒரு தம்ளர் டீ ஊற்றி ஜ்யோத்ஸ்னாவிடம் நீட்டினாள். அவர் அதைக் கடைசிவரை குடித்தார்.

அன்றைக்கே ஜ்யோத்ஸ்னா செயலாளர் அறைக்குப் போனார். நடந்ததை முழுக்கச் சொல்லி, எழுத்திலும் கொடுத்தார். பிறகு, "என் கடிதத்தைத் திருப்பிக் குடுங்க சார்" என்றார்.

வேதாந்தம் கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்தாரே தவிர, கொடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "உங்க பேரை வேணா அடிச்சுடறேன். ஆனா இதுல எழுதியிருக்கறது பொய் இல்லையேம்மா. முகத்தைப் பார்க்கத்தானே வேணும்? அதுக்கு என்ன பண்ணலாம், சொல்லுங்கோ."

இருவரும் மாடிக்குப் போய் அறையைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரை மேஜைக்கு நடுவில் வைப்பதாகத் திட்டம். அதைச் சுவரோரம் தள்ளி, நோயாளியின் நாற்காலியை டாக்டருக்கு எதிரே போடாமல் பக்கத்தில் போடச் செய்தார் ஜ்யோத்ஸ்னா. திரையை இரண்டு பேரும் பார்க்கலாம். கூடவே, ஒரு டாக்டருக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றும், சாயங்காலம் வீட்டு வேலைக்காரர்கள் வர ஒரு மணி நேரம் தனியாக வேண்டும் என்றும் கேட்டார். ஐம்பதுக்கு வேதாந்தம் சம்மதிக்கவில்லை. அறுபதில் வந்து நின்றது. சாயங்கால நேரம் கிடைத்தது.

ஜூலையில் மற்ற டாக்டர்கள் முணுமுணுத்துக்கொண்டே தட்டினார்கள். ஜ்யோத்ஸ்னா இரண்டு விரலால் தட்டினார். முதல் வாரம் வரிசை தெருவரை நின்றது. மின்சாரம் போனபோதெல்லாம் எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஏகாம்பரமும் சந்திரம்மாளும் அந்தச் சாயங்கால நேரத்தில் வந்தார்கள். நெஞ்செரிச்சல் தீரவில்லை. மாத்திரை என்றாலே ஏகாம்பரத்துக்குப் பயம் வந்திருந்தது. சந்திரம்மாளுக்கோ அதைவிட. காய்ச்சலுக்கு யாரோ கொடுத்த மாத்திரையைக்கூடத் தூர எறிந்துவிட்டாளாம்.

ஜ்யோத்ஸ்னா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அச்சடித்த சீட்டைக் கொடுத்தார். சந்திரம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுவும் எனக்கு ஒண்ணுதாம்மா. இங்கிலீசு. கடைக்காரரு மாத்திக் குடுத்தா மறுபடியும் எனக்கு எங்க தெரியப்போவுது? இவரு ஆறாவது வரைக்கும் தமிழ் படிச்சவரு. தமிழ்ல இருந்தா படிச்சுச் சொல்லுவாரு."

ஜ்யோத்ஸ்னாவுக்கு முகம் சிவந்தது. "எனக்குத் தமிழ் எழுத வராது" என்றார்.

இதைக் கேட்டதும் ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஜ்யோத்ஸ்னாவும் சிரித்தார். வேதாந்தத்தைக் கூப்பிட்டனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் அவர் எங்கிருந்தோ தமிழ் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். ஹிந்திக்காரர்களுக்கு ஹிந்தி, தமிழர்களுக்குத் தமிழ் என்று மருந்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி வரும்படி ஏற்பாடு. அந்த வரிகளை அவரே உட்கார்ந்து அடித்தார். 'உணவுக்கு முன் உட்கொள்க' என்று ஒன்று.

"இப்படி யாருங்கய்யா பேசறாங்க?" என்றாள் சந்திரம்மாள், ஏகாம்பரம் அதை வாசித்துக் காட்டியதும். "சாப்பாட்டுக்கு முந்தின்னு போடுங்க. எதுக்குன்னும் போடுங்க. நெஞ்சு எரியறதுக்கா, மூட்டு வலிக்கான்னு."

வேதாந்தத்துக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் மாற்றினார்.

புதுச் சீட்டு வந்த அன்று சந்திரம்மாள் கவுண்டரிலேயே நின்றுகொண்டாள். அன்று கவுண்டரில் இருந்த பொன்னி மாத்திரை அட்டையைக் கொடுத்து, "அடுத்த ஆள் வரணும் அக்கா" என்றாள்.

"இரு தாயி. முழுசாப் படிக்கட்டும்."

ஏகாம்பரம் அட்டையில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளையும் சீட்டில் இருந்த எழுத்துகளையும் விரலால் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். பிறகு தமிழ் வரிக்கு வந்தார். "நெஞ்சு எரிவதற்கு. காலை ஒன்று. சாப்பாட்டுக்கு அரை மணி முந்தி. பதினான்கு நாள்." பள்ளிக்கூடத்துப் பையனைப் போல உரக்கப் படித்தார். வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். படியிறங்கி வந்த ஜ்யோத்ஸ்னாவும் நின்றுவிட்டார்.

கடைசி வரியில் தமிழில் டாக்டரின் பெயர். அங்கே ஏகாம்பரம் தடுக்கினார். "ஜ்... ஜியோ... ஜோத்..." சீட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார். "என்ன பேருடா இது? ஜ்யோத்... ஸ்..."

"டாக்டரம்மான்னு படி, போதும்" என்றாள் சந்திரம்மாள்.