எட்டாவது ஆணி

இரண்டு லிட்டர் குடுவையில் பால் பொங்கி வந்ததும் முனிகிருஷ்ணன் பன்சன் பர்னரின் திருகைப் பாதி மூடினான். தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் காப்பிக்கென்றே ஒதுக்கிய குடுவை அது. கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். நூல் கட்டாத குடுவையில் காப்பி போட்டால் குடிக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. பேராசிரியர்களும் கேட்டதில்லை.

இன்று பதினாலு கப். வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், அறிவியல் துறைகள் கூடிப் புதுக் கோர்ஸ்களையும் வரும் வருஷத்துச் செலவையும் அலசும் நாள். பதினோரு வருஷமாக அந்தக் கூட்டத்துக்குக் காப்பி அவன்தான். பதினோரு வருஷமாகத் தினக்கூலியும் அவன்தான்.

அட்டெண்டர்கள் அறைச் சுவரில் ஏழு ஆணிகள், ஏழிலும் பித்தளைப் பட்டன் வைத்த காக்கிக் கோட்டுகள். நிரந்தரமானவர்களுக்குத்தான் கோட்டும் ஆணியும். எட்டாவது ஆணியை நாலு வருஷத்துக்கு முன் முனிகிருஷ்ணன் தானே அடித்துக்கொண்டான். அதில் அவன் சோற்றுப் பை தொங்கியது. அறையில் யாரும் இல்லாத நேரங்களில் பக்கத்துக் கோட்டை எடுத்து மார்பில் வைத்துப் பார்ப்பான். தோளில் இரண்டு அங்குலம் பற்றாது.

இந்த வருஷம் தாவரவியல் பேராசிரியர் தேசிகன் சார் மைக்ரோபயாலஜி என்று புதுக் கோர்ஸ் கேட்டிருந்தார். பட்ஜெட்டில் ‘அட்டெண்டர் பதவி ஒன்று’ என்று ஒரு வரி. அந்த ஒன்று யார் என்பதில் துறையில் யாருக்கும் சந்தேகமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முனிகிருஷ்ணன், சர்ச்சிலிருந்து வந்த டெய்லர் சில்வெஸ்டரை நடுத்தெருவில் நிறுத்தித் தோள் அளவு கொடுத்துவிட்டான்.

"ஆர்டர் வந்திருச்சாண்ணே?" என்றான் சில்வெஸ்டர்.

"வர்ற வழியில இருக்குது. நீ டேப்பை இழு."

ஆனால் அந்த ‘ஒன்று’ அவனுக்குச் சரியாகப் படவில்லை. காகிதம் டைப்புக்குப் போகுமுன் தேசிகனிடமே போய் நின்றான்.

"சார், மூணுன்னு போடுங்க. பன்னெண்டு மைக்ராஸ்கோப்பை இருபத்தி நாலாக்குங்க."

"எதுக்கு? எனக்கு ஒரு ஆள் போறுமே."

"போதும் சார். ஆனா கேக்கறது வேற, வாங்கறது வேற. எங்கப்பா ரஸ்ஸல் மார்க்கெட்ல பழம் வித்தாரு. எட்டணா பழத்தை ஒரு ரூபான்னுதான் ஆரம்பிப்பாரு. வாங்கறவங்க பாதிக்குக் கேப்பாங்க. ரெண்டு பேருமே ஜெயிச்ச மாதிரி வூட்டுக்குப் போவாங்க. இந்தக் கமிட்டியும் அதே கதைதான். காப்பி ஊத்திக்கினே பாத்துக்கினுதான் இருக்கேன்."

தேசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பழம் விக்கலே, முனி. தராசுல மில்லிகிராம் பாக்கறவன் காகிதத்துல பொய் எழுதப்படாது. நியாயமாக் கேட்டா நியாயமாத் தருவா."

நானூறு பூஞ்சைகளின் பெயரை மனப்பாடமாக வைத்திருக்கும் மனுஷனுக்கு வாங்க வந்தவன் முகத்தைப் படிக்கத் தெரியவில்லையே என்று நினைத்தபடி முனிகிருஷ்ணன் வெளியே வந்தான்.

கூட்டத்தில் அவன் தட்டோடு நுழைந்தபோது இயற்பியல் நடந்துகொண்டிருந்தது. நாலு அட்டெண்டர் கேட்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் கிருஷ்ணப்பா இரண்டை அடித்தார். இயற்பியல்காரர் குடிமுழுகிப்போனவர் போல உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அடுத்து தாவரவியல். பேச்செல்லாம் இங்கிலீஷ். கமிட்டி இங்கிலீஷ் முனிகிருஷ்ணனுக்கு எப்போதோ பழகிவிட்டது.

"கோர்ஸ் ரொம்ப நல்ல கோர்ஸ். மைக்ராஸ்கோப் பன்னிரண்டு, ஆறாக்கலாம். அட்டெண்டர் ஒன்று..." கிருஷ்ணப்பாவின் சிவப்புப் பென்சில் அங்கே நின்றது. "ஒன்றில் பாதி ஆளை எப்படிக் கொடுப்பது?"

மேஜை முழுக்கச் சிரித்தது.

"இருக்கிற ஆட்களை வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள்." பென்சில் நகர்ந்தது.

தேசிகன் எழுந்தார். "நான் தேவையானதை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்."

"இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், புரொஃபசர்."

ஐம்பது ரூபாய்க்குக் கீழே உள்ள வரிகளை யாரும் படிப்பதில்லை. அவை மொத்தமாக நிறைவேறின. முனிகிருஷ்ணன் கப்பை நீட்டினான். கிருஷ்ணப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, காப்பி நன்றாக இருப்பதாக அவனிடம் கன்னடத்தில் சொன்னார்.

வராந்தாவில் தேசிகன் அவனுக்காகக் காத்திருந்தார். "கோர்ஸ் வந்துடுத்து, முனி." வாசலில் நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த இடம்... அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் எத்தினி போடுவீங்க சார்?"

"ஒண்ணுதான். எனக்கு வேண்டியது ஒண்ணுதானே."

ஜூனில் வைக்கோல் அடைத்த பெட்டியில் ஆறு மைக்ராஸ்கோப்புகள் வந்தன. முனிகிருஷ்ணன் ஆணி பிடுங்கி, வைக்கோல் தட்டி, ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மேஜையில் வைத்தான். மத்தியானம் சில்வெஸ்டர் ஒரு மூட்டையோடு வந்தான். கமிட்டி படிக்காமல் விட்ட வரிகளில் ஒன்று: மைக்ராஸ்கோப்புக்குத் தூசி உறை பன்னிரண்டு, மொத்தம் நாற்பத்தைந்து ரூபாய்.

"உன் கோட்டுக்குன்னு எடுத்து வச்ச பீஸுதாண்ணே," என்றான் மெதுவாக. "நல்ல காக்கி. பாழாவுதேன்னு இதுக்குப் போட்டுட்டேன்."

முனிகிருஷ்ணன் மடிப்பைத் தடவிப் பார்த்தான். தையல் நெருக்கமாக இருந்தது. ஆறு மைக்ராஸ்கோப்புக்கும் ஒவ்வொன்றாக மாட்டி, தோள் பக்கம் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டான்.

"மிச்சம் ஆறு இருக்கு சார்."

பாடக் குறிப்பிலிருந்து தேசிகன் தலை தூக்கவில்லை. "எங்கேயாவது மாட்டி வை, முனி."

அட்டெண்டர்கள் அறையில் ஏழு ஆணிகளும் நிறைந்திருந்தன. முனிகிருஷ்ணன் எட்டாவது ஆணியிலிருந்து சோற்றுப் பையை எடுத்துத் தரையில் வைத்தான். ஆறு காக்கி உறைகளையும் அதில் மாட்டினான்.